ஓடாமல் பதுங்குபவை

தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

புல் வெட்டும்போது அடிபடும் சிற்றுயிர்கள் பற்றிப் பலர் எழுதியிருந்தீர்கள். இந்த இதழில் அந்தக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: புல்வெட்டும் இயந்திரம் போடுகிற இரைச்சலுக்கே தவளையும் அரணையும் ஓடிவிடாதா?

பதில்: அரணை ஓடும், அதுவும் வெயில் ஏறி உடம்பு சூடான பிறகுதான். தேரை, முயல்குட்டி, தரையில் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சு ஆகியவை ஆபத்து நெருங்கினால் தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். பருந்தின் கண்ணுக்குத் தப்ப இது நல்ல வழி. பிளேடுக்குக் கண் இல்லை. அரை மீட்டர் நீளமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. போதாக்குறைக்கு, சுழலும் பிளேடு காற்றை மேலே இழுத்துப் புல்லை நிமிர்த்தும். எடை குறைந்த தவளைக்குஞ்சும் அதோடு எழும்பிவிடலாம். ‘உயரத்தைக் கூட்டி வைத்தேன், கீழே இருப்பது தப்பிவிடும்’ என்று முழுதாக நம்ப முடியாததற்கு இதுவே காரணம். இருந்தாலும் 7 செ.மீ.க்குக் கீழே இறக்காதீர்கள். புல்லுக்கும் அதுதான் நல்லது.

கேள்வி: எந்தப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்க வேண்டும்? ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வருவதுதான் வழக்கம்.

பதில்: அந்த வழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே இருப்பவை நடுவை நோக்கி ஒதுங்கும். வெட்டிய மொட்டைத் தரையைக் கடந்து வெளியே போக அவற்றுக்குப் பயம். கடைசியில் திட்டாக மிஞ்சும் புல்லில் எல்லாம் கூடியிருக்கும். நீங்கள் அதையும் வெட்டுவீர்கள்.

நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் புதர் என்றால் மதிலோரம் தொடங்கி வரிவரியாகப் புதரை நோக்கிப் போங்கள். ஒதுங்குபவை எப்போதும் வெட்டாத புல்லுக்குள்ளேயே நகர்ந்து புதருக்குள் போய்ச் சேரும். வேகமாக நடந்தால் இந்த ஏற்பாடு பயன்படாது; தவளைக்கு நகர அவகாசம் வேண்டும். கடைசி இரண்டு மீட்டர் இருக்கும்போது இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். புதரடியில் அரை மீட்டர் அகலத்துக்கு வெட்டாமலே விட்டால் இன்னும் நல்லது. பார்வைக்கு அது குறையாகத் தெரிந்தால் கைக்கத்தரியால் சரிசெய்யலாம்.

மதிலடியிலும் மரத்தடியிலும் நைலான் நரம்பு சுழலும் பிரஷ் கட்டரை ஓட்டுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நிழலும் ஈரமும் தேடி வருபவை பகலில் உறங்குவது அங்கேதான். நீளமான கம்பால் புல்லை இரண்டாகப் பிரித்துப் பார்க்காமல் நரம்பைச் சுழற்றாதீர்கள். பாம்பும் அங்கே இருக்கலாம் என்பதால் கையை விட்டுத் துழாவ வேண்டாம்.

கேள்வி: காலையில் வெட்டலாமா, மாலையிலா?

பதில்: எல்லா உயிருக்கும் பொருந்தும் நேரம் கிடையாது. பனி காயாத காலையிலும் மழை விட்ட பிறகும் தவளைகள் புல்லில் இருக்கும். அந்நேரத்தில் உடல் சூடேறாத அரணையால் வேகமாக ஓடவும் முடியாது. நல்ல வெயிலிலோ, புல்லில் பூ இருந்தால் தேனீக்கள் மேயும். எங்கள் தேர்வு: பூ இல்லாத புல்தரை என்றால் பனி நன்றாகக் காய்ந்த முற்பகல். பூ இருந்தால், தேனீக்கள் குறையத் தொடங்கும் பிற்பகலின் பின்பகுதி. ஆனால் சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இருட்டத் தொடங்கியதும் தேரைகள் கிளம்பிவிடும்.

குளமோ தொட்டியோ அருகில் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. தலைப்பிரட்டைகள் கால் முளைத்து வால் சுருங்கும் பருவத்தில், மழை பெய்ததும் விரல் நகம் அளவே உள்ள குஞ்சுகள் கூட்டமாகக் கரையேறும். அப்போது கரையை ஒட்டிய புல்லை இரண்டு மூன்று வாரம் தொடவே வேண்டாம். நடந்து பார்த்து விலக்கிவிடும் எண்ணிக்கையில் அவை இருக்காது.

கேள்வி: இரண்டு மாதம் வெட்டாமல் விட்டதில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. ஒரே நாளில் வெட்டி முடிக்க என்ன வழி?

பதில்: ஒரே நாளில் முடிக்காதீர்கள். வாரந்தோறும் வெட்டும் புல்தரையில் ஒளிய இடமில்லாததால் அங்கே அதிகம் அடிபடுவதில்லை. பெரிய சேதம் நடப்பது உங்களுடையதைப் போன்ற இடத்தில்தான்: வளரவிட்டு, எல்லாம் குடியேறிய பிறகு, ஒரே மூச்சில் மொட்டையடிப்பது.

முதல் நாள், வெட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பு, ஒளிந்திருப்பவை விலகிப் போகும்படி, இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரு கயிற்றைப் புல்லின் மேல் உரசியபடி இழுத்துச் செல்லுங்கள். பிறகு 15 முதல் 20 செ.மீ. உயரம் விட்டு வெட்டுங்கள். சாதாரண இயந்திரத்தை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற முடியாது. பிரஷ் கட்டரோ அரிவாளோதான் வேண்டும். வெட்டிய புல்லை உடனே அள்ளாமல் புதரோரமாக ஒரு நாள் போட்டு வைத்தால் சிலந்தியும் கம்பளிப்புழுவும் இறங்கிப் போகும். மறுநாள் மீதியை 10 செ.மீ.க்குக் குறையுங்கள். அடுத்த வாரம் வேண்டிய உயரத்துக்கு வரலாம்.

இனிமேல் நடக்கும் பகுதியை எப்போதும் குட்டையாகவும், ஓரப் பகுதியை எப்போதும் நெட்டையாகவும் வைத்திருங்கள். இரண்டுக்கும் நடுவே மாறிக்கொண்டிருப்பதுதான் பொறி.

கேள்வி: புல்லுக்குள் பறவைக்கூடு இருந்தது, முட்டையோடு. அதை வேறு இடத்தில் வைக்கலாமா?

பதில்: கூடாது. இடம் மாறிய கூட்டுக்குத் தாய் பெரும்பாலும் திரும்பாது. சுற்றிலும் 3 மீட்டர் விட்டுவிட்டு மற்ற இடத்தை வெட்டுங்கள். அடையாளக் குச்சியைக் கூட்டுக்குப் பக்கத்தில் நடாமல், விட்ட பகுதியின் விளிம்பில் நடுங்கள். காக்கை குச்சியைப் பார்த்தே கூட்டைக் கண்டுபிடித்துவிடும். ஆள்காட்டிக் குருவியின் முட்டை பொரிய நான்கு வாரம் ஆகலாம். புல்லுக்கிடையே சிறு குழியில் முயல்குட்டிகள் தனியாகக் கிடந்தால் அநாதை என்று எடுத்துவிடாதீர்கள். தாய் பகலில் அருகில் வராது. இருட்டு வேளையில் வந்து பாலூட்டிவிட்டுப் போய்விடும்.

கேள்வி: தானாக ஓடும் ரோபோ புல்வெட்டியை இரவில் ஓடவிடலாமா?

பதில்: வேண்டாம். இரவில் நடமாடும் ஐரோப்பிய முள்ளெலிகளின் இறந்த உடல்களை வைத்து 18 வகை ரோபோக்களைச் சோதித்த ஆய்வு 2021-ல் வெளியானது. உடலில் மோதுவதற்கு முன் உணர்ந்து விலகியது ஒன்றுகூட இல்லை. பகலில் மட்டும் ஓடும்படி நேரத்தை அமையுங்கள்.

கேள்வி: எவ்வளவு கவனித்தும் ஒரு தவளை அடிபட்டுவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் இயந்திரத்தை அணைத்து பிளேடு முழுதும் நிற்கும்வரை பொறுங்கள். அடியில் சிக்கியிருந்தால் பெட்ரோல் இயந்திரத்தில் ஸ்பார்க் பிளக் வயரையும், மின்கல இயந்திரத்தில் பேட்டரியையும் கழற்றிய பிறகே கையை வையுங்கள். சோப்பு படாத, நீரில் நனைத்த கையால் தவளையை எடுங்கள். உலர்ந்த கை அதன் தோலைக் கெடுக்கும். துளையிட்ட பெட்டியில் ஈரத்துணி விரித்து நிழலில் வைத்துக் கால்நடை மருத்துவரையோ வனவிலங்கு மீட்பவரையோ அழையுங்கள். மஞ்சள், களிம்பு எதையும் பூசாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காயமில்லாமல் வெறுமனே மிரண்டு போயிருந்தால் அதே தோட்டத்தின் ஈரமான புதரடியில் விட்டால் போதும். தேரையைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் எரியும்.