குடியேற்றத்தை ஆதரிக்கிறவங்க, எதிர்க்கிறவங்க ரெண்டு தரப்போடயும் கூடவே இருந்து ஒரே ஆள் ஆராய்ச்சி பண்ண முடியுமா?

முடியும், பண்ணியும் இருக்காங்க. ஆனா கேள்விக்குக் கீழ "எந்தப் பக்கமும் சாயாம இருக்க முடியுமா"ன்னு சேர்த்துக் கேட்டிருக்கீங்க பாருங்க, வம்பே அங்கதான் இருக்கு.

நான் அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல டூசான்ங்கற ஊர்ல சமூகவியல் மாஸ்டர்ஸ் படிச்சேன். களப்பணி பேப்பருக்காக, மெக்சிகோ எல்லையைத் தாண்டி நடந்து வர்றவங்களுக்காக பாலைவனத்துல தண்ணி கேன் கொண்டுபோய் வைக்கிற ஒரு குழுவோட வாலண்டியரா சுத்திட்டிருந்தேன். அதனால அந்த ஊரை வச்சே சொல்றேன், ஐரோப்பா கதையெல்லாம் அங்க இருக்கறவங்க எழுதட்டும்.

முதல்ல நிலவரம் தெரிஞ்சாதான் மிச்சம் புரியும். 1994ல பார்டர் பேட்ரோல், அதாவது அமெரிக்க எல்லைக் காவல் படை, ஒரு திட்டம் போட்டாங்க. எல்லையில சான் டியேகோ, எல் பாசோ மாதிரி ஊர் இருக்கற இடத்துல வேலியையும் ஆளையும் குவிச்சுட்டா மிச்சம் திறந்து கிடக்கறது மலையும் பாலைவனமும்தான், அதைப் பார்த்தே ஜனங்க பயந்து நின்னுடுவாங்கன்னு கணக்கு. யாரும் நிக்கல, பாலைவனத்து வழியா நடக்க ஆரம்பிச்சாங்க. சொனோரா பாலைவனத்துல ஜூன் மாசம் 40 டிகிரியெல்லாம் சர்வசாதாரணம், நாள் கணக்கா நடக்கணும், அத்தனை நாளைக்கு வேண்டிய தண்ணியைத் தூக்கிட்டு யாராலயும் நடக்க முடியாது. 1990கள் நடுவுலருந்து 2019க்குள்ள அரிசோனா பக்கம் மட்டும் 3200 பேருக்கு மேல செத்திருக்காங்க. 2019 ஜூன்ல லூக்வில் பக்கத்துல செத்தது இந்தியாவுலருந்து வந்த ஆறு வயசுப் பொண்ணு, அம்மா தண்ணி தேடிப் போயிருந்தப்போ. இது ஏதோ மெக்சிகோக்காரங்க சமாச்சாரம்னு நினைக்கறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

இந்த சாவுகளைப் பார்த்துட்டு 2000ல ஹ்யூமேன் பார்டர்ஸ்னு ஒரு அமைப்பு வந்துச்சு, உசரமா நீலக் கொடி கட்டி தண்ணி டேங்க் வைக்கறவங்க. 2004ல நோ மோர் டெத்ஸ்னு அதே மாதிரி தண்ணி வைக்கிற இன்னொரு அமைப்பு. அடுத்த வருஷம் ஏப்ரல்லயே எதிர்ப்பக்கம் மினிட்மென்னு பேர் வச்சுக்கிட்ட ஆளுங்க டூம்ஸ்டோன் ஊர்ல கூடி, மடக்கு நாற்காலி, பைனாகுலர், துப்பாக்கியோட பார்டர் ஓரமா காவலுக்கு உக்காந்தாங்க. அரசாங்கம் செய்ய வேண்டியதை செய்யல, நாங்க செய்யறோம்னு சொன்னாங்க.

கூடவே நடந்து பார்த்தா முதல்ல கண்ணுல படறது என்னன்னா ரெண்டு தரப்பும் செய்யற வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும், மண்ணுல காலடித் தடம் பார்க்கணும், வர்றவங்க தடம் தெரியாம இருக்க செருப்புக்கு அடியில கார்ப்பெட் துணி கட்டிட்டு வருவாங்க, வெயில்ல பளபளக்கக் கூடாதுன்னு கருப்பு கலர் தண்ணி கேன் எடுத்துட்டு வருவாங்க, இதெல்லாம் ரெண்டு கூட்டத்துக்கும் அத்துப்படி. ரெண்டு பேருமே மரத்துல கேமரா கட்டுறாங்க, ரெண்டு பேருமே மேப்ல குறிச்சு வச்சுக்கறாங்க. ஒருத்தர் பார்த்தா தண்ணி வைப்பார், இன்னொருத்தர் பார்த்தா பார்டர் பேட்ரோலுக்கு போன் போடுவார்.

எமினே ஃபிதான் எல்சியோலுன்னு ஒரு சமூகவியல் ஆராய்ச்சியாளர், அரிசோனாவுல ரெண்டு தரப்பு அமைப்புகளோடயும் பழகி 2020ல புத்தகமா கொண்டுவந்தாங்க. உங்க கேள்விக்கு நேரடி பதில் அவங்கதான். அவங்க சொல்றது எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசுல நிக்குது: ரெண்டு பக்கமும் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, குடியேற்றச் சட்டம் மாறினா சொந்த வாழ்க்கையில ஒண்ணும் பெருசா மாறாதவங்க, அப்புறம் ஏன் வெயில்ல போய் நிக்கறாங்க? ஆதரிக்கிறவங்க கண்ணுக்கு அரசாங்கம் அளவுக்கு மீறி பலமான ஒண்ணா தெரியுது, அதோட கையைக் கொஞ்சமாவது கட்டணும்னு பார்க்கறாங்க. எதிர்க்கிறவங்க கண்ணுக்கு அதே அரசாங்கம் கையாலாகாததா தெரியுது, அதுக்கு முட்டுக் கொடுக்கணும்னு வர்றாங்க. இதுல வர்க்கமும் இருக்கு, முதல் கூட்டத்துல படிச்ச வசதியான ஆளுங்க அதிகம், ரெண்டாவதுல கையால வேலை பார்த்து இப்ப மதிப்பு போச்சுன்னு நினைக்கற ஆம்பளைங்க அதிகம். கருத்துக்கணிப்பு நடத்தினா "குடியேற்றம் வேணுமா வேணாமா"ன்னு மட்டும்தான் கேட்டிருப்பாங்க, அரசாங்கத்தைப் பத்தின இந்த விஷயம் வெளியவே வந்திருக்காது.

ஹரேல் ஷபீரான்னு இன்னொரு சமூகவியல் ஆராய்ச்சியாளர், மினிட்மென் கேம்ப்ல மட்டும் தங்கி எழுதினவர். அவர் பார்த்தது அதிகமும் வயசான முன்னாள் ராணுவக்காரங்களை. வாக்கி டாக்கி, ராத்திரி டியூட்டி, கூட நாலு பேர், மறுபடி ஒரு வேலை கிடைச்ச மாதிரி. வெறுப்பு இல்லைன்னு சொல்ல வரல, ஆனா வெறுப்பு மட்டும் இருந்தா வீட்லயே உக்காந்து டிவி பார்த்து திட்டலாமே, இத்தனை மைல் வண்டி ஓட்டிட்டு வரத் தேவையில்லையே.

இப்ப சிக்கலுக்கு வர்றேன். தண்ணி வைக்கிற குழுக்கள் புது ஆளை லேசுல நம்ப மாட்டாங்க, அதுக்குக் காரணம் இருக்கு. 1982 மார்ச்ல டூசான்ல சவுத்சைட் பிரஸ்பிட்டேரியன் சர்ச்சும் அதோட பாதிரியார் ஜான் ஃபைஃபும் எல் சால்வடார், குவாத்தமாலா சண்டையிலருந்து தப்பிச்சு வந்தவங்களுக்கு வெளிப்படையா அடைக்கலம் கொடுத்தாங்க. அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னா பக்தர் மாதிரி உளவாளிங்களை அனுப்பி பைபிள் வகுப்புல பேசினதையெல்லாம் டேப்ல பதிவு பண்ணுச்சு, 1986ல ஃபைஃப் உட்பட எட்டு பேருக்கு குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, ஜெயில் இல்ல, நன்னடத்தைக் கண்காணிப்புதான். அந்த ஊர்ல போய் நோட்டும் பேனாவுமா "நான் ஆராய்ச்சியாளர்"னு நின்னா எப்படிப் பார்ப்பாங்க? 2018 ஜனவரியில இன்னொண்ணு. நாலு வருஷத்துல ஒரு கேலன் பிடிக்கற 3586 தண்ணி கேன் கிழிக்கப்பட்டோ கொட்டப்பட்டோ வீணாச்சுன்னு நோ மோர் டெத்ஸும் இன்னொரு அமைப்பும் அறிக்கை விட்டாங்க, அன்னைக்கே ஆஹோ ஊர்ல அவங்க வாலண்டியர் ஸ்காட் வாரனை பார்டர் பேட்ரோல் கைது பண்ணுச்சு. முதல் விசாரணையில ஜூரி ஒத்துப்போகல, 2019 நவம்பர்ல மறுவிசாரணையில விடுதலை. அவர் அப்போ புவியியல் சொல்லிக்கொடுத்துட்டிருந்த ஆளுங்கறதையும் கவனிங்க, படிப்புப் பக்கத்து ஆள்னாலும் மாட்டலாம்.

என் விஷயத்துல சாயறதா வேணாமான்னு முடிவு பண்ற வாய்ப்பே எனக்கு இல்ல. கருப்புத் தோல், ஸ்டூடண்ட் விசா. ஐ-19 ரோட்டுல வடக்க திரும்பும்போது செக்பாயிண்ட்ல கார்ல கூட இருக்கற வெள்ளைக்கார பாட்டிங்களை கையசைச்சு விட்டுட்டு என்கிட்ட மட்டும் பேப்பர் கேப்பாங்க. (அமெரிக்காவுல தூரத்தை கிலோமீட்டர்ல போட்டிருக்கற ஒரே பெரிய ஹைவே அதுதான், எனக்கு மட்டும் ஊர் ஞாபகம் வரும்.) அதுவே எனக்கு நல்ல ஃபீல்டு நோட்ஸ் ஆச்சு, ஆனா மறுபக்கத்து கேம்ப்ல என்னால ராத்திரி தங்கியிருக்க முடியுமா? ஷபீராவுக்குத் திறந்த கதவு எனக்குத் திறக்காது, இதை என் கைடே முதல்லயே சொல்லிட்டார். எதிர்ப்பக்கத்து ஆள் ஒருத்தரோட மட்டும் கிரீன் வேலிங்கற ஊர்ல டீக்கடை மாதிரி ஒரு இடத்துல உக்காந்து நிறைய பேசியிருக்கேன், ரிட்டயர்டு மெக்கானிக். "நீ லைன்ல நின்னு வந்த பையன், உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல"ன்னுதான் எப்பவும் ஆரம்பிப்பார், முறைப்படி விசா வாங்கி வந்தவன்ங்கற அர்த்தத்துல. நல்ல மனுஷன், வீட்ல காய்ச்ச எலுமிச்சம்பழம் பை நிறைய கொடுப்பார். வாங்கிட்டு வந்து ராத்திரி அவர் பேசினதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

அந்த தயக்கம் ஆபத்தான தயக்கம். 2009 மே மாசம் அரிவாகா ஊர்ல ஷானா ஃபோர்ட்ங்கற பொம்பளை தலைமையில ஒரு கும்பல் போலீஸ் மாதிரி நடிச்சு வீட்டுக்குள்ள புகுந்து ஒரு அப்பாவையும் ஒன்பது வயசு மகளையும் சுட்டுக் கொன்னாங்க. செத்தவங்க அமெரிக்கக் குடிமக்கள். ஃபோர்ட் முன்னாடி மினிட்மென் குழுவுல இருந்து விரட்டப்பட்ட ஆள்தான், அதனால அந்த இயக்கமே கொலைகார இயக்கம்னு எழுதறதும் தப்பு, நாற்காலியில உக்காந்திருந்த தனிமைத் தாத்தாக்கள்னு மட்டும் எழுதிட்டு விடறதும் தப்பு. என் அபிப்பிராயம், சாயலாம், சாயறீங்கன்னு எழுதிட்டு சாயுங்க. எதிர்ப்பக்கத்து ஆள் படிச்சா "முடிவு தப்பு, ஆனா நான் சொன்னதை சரியா எழுதியிருக்கான்"னு ஒத்துக்கணும், எனக்கு அது போதும்.

கடைசியா நடைமுறை விஷயம். அமெரிக்காவுல வக்கீலுக்கு இருக்கற மாதிரி ஆராய்ச்சியாளருக்கு ரகசியம் காக்கற சட்டப் பாதுகாப்பு உறுதியா கிடையாது. 1993ல ரிக் ஸ்கார்ஸ்னு ஒரு சமூகவியல் மாணவர், விலங்குரிமை ஆளுங்களைப் பத்தி கோர்ட்ல வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லி அஞ்சு மாசத்துக்கு மேல உள்ள இருந்தார். அதனால தண்ணி வச்ச இடம், தடத்தோட பேர், ஜிபிஎஸ் எதையும் நோட்டுல எழுதாதீங்க, போன்ல லொக்கேஷனை ஆஃப் பண்ணிட்டு கிளம்புங்க. விசாவுல இருக்கற ஆளா இருந்தா யுனிவர்சிட்டி அனுமதி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீலைப் பார்த்துடுங்க, சில யுனிவர்சிட்டியில மாணவர்களுக்கு அது ஃப்ரீ.