முதன்முறையாக வீட்டில் சோப்பு செய்பவர் எதில் கவனம் வைக்க வேண்டும்?

தேங்காய் எண்ணெய் கொண்டு வீட்டிலேயே குளியல் சோப்பு செய்ய விரும்புவதாகவும், முதல் முறை என்பதால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தராசிலிருந்து தொடங்குங்கள். ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் மின்னணுத் தராசு கைக்கு வரும்வரை எண்ணெயோ அச்சோ வாங்க வேண்டாம். டம்ளர் கணக்கிலும் கரண்டிக் கணக்கிலும் சொல்லப்படும் செய்முறைகளை நான் நம்புவதே இல்லை.

காரணம் எளியது. எண்ணெயும் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) என்ற கடுங்காரமும் வினைபுரிந்துதான் சோப்பு உண்டாகிறது. ஆனால் ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காஸ்டிக் சோடாவின் அளவு வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 0.183 கிராம் தேவை, நல்லெண்ணெய்க்கு 0.134 கிராமும் விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராமும் போதும். தேங்காய் எண்ணெய்க்குச் சொன்ன அளவை வைத்துக்கொண்டு நல்லெண்ணெயில் சோப்பு செய்தால், வினைபுரியாத காஸ்டிக் சோடா கட்டிக்குள்ளேயே தங்கித் தோலைப் புண்ணாக்கிவிடும்.

முதல் முறைக்கு 300 கிராம் தேங்காய் எண்ணெய், 150 கிராம் நல்லெண்ணெய், 50 கிராம் விளக்கெண்ணெய் என்ற கலவையைப் பரிந்துரைக்கிறேன். தனித் தேங்காய் எண்ணெய் சோப்பு கெட்டியாகவும் நுரை மிகுந்ததாகவும் இருக்கும் என்றாலும் தோலை வறட்டிவிடும் என்பதால், அப்படிச் செய்பவர்கள் காஸ்டிக் சோடாவை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைத்துப் போடுவார்கள். நல்லெண்ணெய் அந்த வறட்சியைத் தணிக்கும். விளக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்யும். மேற்சொன்ன கலவைக்கு முழுக்கணக்கு 81.4 கிராம் வரும். அதில் 8 விழுக்காடு குறைத்து 75 கிராம் காஸ்டிக் சோடாவும் 165 கிராம் தண்ணீரும் எடுத்துக்கொண்டால், சிறிதளவு எண்ணெய் மாறாமல் எஞ்சித் தோலுக்கு இதமாக இருக்கும். சாக்கடை அடைப்பு நீக்க விற்கும் பொடிகளில் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம். ஆகவே வேதிப்பொருள் கடையில், தூய்மை அளவு அச்சிடப்பட்ட காஸ்டிக் சோடாவை வாங்கி, ஈரம் படாமல் இறுக மூடி வையுங்கள்.

கரைசல் தயாரிக்கும் நேரத்தில் குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் அருகில் இருக்கவே கூடாது. கண்களைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை அணிந்துகொண்டு, காற்றோட்டமான இடத்தில், தண்ணீருக்குள் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். சரியான முறையில் கலக்கும்போதே கரைசலின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். அப்போது எழும் ஆவியை முகர வேண்டாம். அலுமினியப் பாத்திரம் அறவே ஆகாது, ஏனெனில் காரம் அதை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். எவர்சில்வர் பாத்திரமே போதும். கையில் தெறித்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தேடாமல் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள்; கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியபின் இரண்டையும் சேர்த்து, கை பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டிக் கலக்க வேண்டும். தோசை மாவு போலத் திரண்டு, மேலே ஊற்றிய கோடு உடனே மறையாமல் நின்றால் அச்சில் ஊற்றலாம். மஞ்சள் தூள் சேர்க்க எண்ணினால் சிட்டிகை போதும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பது போலவே இங்கும் காரத்தால் முதலில் சிவக்கும் என்பதால் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். குப்பைமேனிச் சாறு, கற்றாழை ஆகியவற்றை அடுத்த முறைக்கு விட்டுவிடுங்கள். அவற்றிலுள்ள நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

‘காஸ்டிக் இல்லாத சோப்பு’ என்று காணொளிகளில் காட்டப்படுவது பெரும்பாலும் ஏற்கெனவே காரம் கொண்டு செய்யப்பட்ட சோப்புக் கட்டியை உருக்கி ஊற்றுவதுதான். கணக்குச் சரியாக இருந்தால், நீங்கள் செய்யும் சோப்பிலும் வினை முடிந்தபின் காஸ்டிக் சோடா எஞ்சாது.

மறுநாள் கையுறையோடு அச்சிலிருந்து எடுத்து வெட்டுங்கள். தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பைத் தாமதித்து வெட்டினால் நொறுங்கும். வினையின் பெரும்பகுதி ஓரிரு நாள்களில் முடிந்துவிடும் என்றாலும், உள்ளிருக்கும் நீர் வற்றிக் கட்டி இறுக, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கி 4 முதல் 6 வாரம் வைத்திருக்க வேண்டும். வெட்டிய பரப்பில் வெள்ளைக் கட்டிகளோ திரவம் தேங்கிய குழிகளோ தெரிந்தால் அந்தச் சோப்பைத் தோலில் பயன்படுத்தாதீர்கள்.