வாசகர் கேள்வி: பழைய டிக் மெஷினுக்குக் கால் பெடல் பொருத்தலாமா?

கேள்வி: ஐயா, பீன்யாவில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பழைய 300 ஆம்பியர் டிக் (TIG, ஆர்கான் வாயுவில் ஆர்க் எரியும்) வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கினேன். நன்றாக ஓடுகிறது, ஆனால் கால் பெடல் இல்லை. 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் முடிக்கும் இடத்தில் ஓட்டை விழுகிறது. அலுமினியத்தில் குழி விழுந்து விரிசல் விடுகிறது. கடையில் கிடைக்கும் பெடல் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா?
— வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: தம்பி, பெடல் வேண்டும் என்று நினைத்தது சரிதான். தகடு சூடேற ஏற ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு கையும் டார்ச்சிலும் ராடிலும் இருக்கும்போது அதைக் காலால் செய்வதே எளிது. ஆனால் கையில் கிடைத்த பெடலை வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் மெஷினில் ஆம்பியரை மாற்றுவது எது என்று பாருங்கள். கைச்சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே இரும்புக் கட்டை நகர்கிறதா? அல்லது கேபிளை வேறு வேறு துளையில் செருக வேண்டியிருக்கிறதா? இரண்டில் எதுவானாலும் பெடல் ஆசையை விட்டுவிடுங்கள். அங்கே பெடல் சொல்வதைக் கேட்க ஒன்றுமில்லை. முகப்பில் குமிழ் இருந்தால் வழி உண்டு. மெயின் ஸ்விட்சை அணைத்து, பூட்டுப் போட்ட பிறகே மூடியைக் கழற்றுங்கள். கெப்பாசிட்டர்களில் மின்சாரம் இறங்கிவிட்டதா என்று மீட்டரால் உறுதி செய்த பிறகே உள்ளே கை வையுங்கள். குமிழின் பின்னால் மூன்று கால் (இணைப்பு முனை) கொண்ட சிறிய பாட் (பொட்டென்ஷியோமீட்டர், சுற்றினால் மின்தடை மாறும் பாகம்) இருந்தால், அது தைரிஸ்டர் கார்டுக்கு (ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் மின்னணு அட்டை) சில வோல்ட் மட்டும் அனுப்பும் வகையாக இருக்கும். பீங்கானில் கம்பி சுற்றிய கனமான ரியோஸ்டாட் இருந்தால் கதை வேறு. அதன் வழியாகக் கட்டுப்பாட்டுச் சுருளின் மின்னோட்டமே ஓடுகிறது, சூடும் ஆகும். சாதாரணப் பெடலின் பாட் அங்கே கருகிவிடும். அதே ஓமும் அதே வாட்டும் கொண்ட ரியோஸ்டாட் உள்ள பெடல்தான் வேண்டும்.

உங்களுடையது சிறிய பாட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கம்பிகளுக்கும் அடையாளம் கட்டிக் கழற்றி, இரு முனைகளுக்கிடையே ஓம் பாருங்கள். பெடல்களில் 1 கிலோ ஓமும் உண்டு, 10 கிலோ ஓமும் உண்டு. பிளக் பொருந்துகிறது என்பதற்காக உள்ளே இருப்பதும் பொருந்திவிடாது. பிறகு கம்பிகளை மறுபடி இணைத்து, ஹை ஃப்ரீக்வென்சியை (ஆர்க்கைப் பற்றவைக்கும் உயர் வோல்ட் பொறி) அணைத்துவிட்டு மெஷினை ஓட்டி, பாட்டின் ஒவ்வொரு காலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். ஹை ஃப்ரீக்வென்சி ஓடினால் மீட்டர் போய்விடும். எர்த்துக்கு எதிராக 24, 30 வோல்ட்டைத் தாண்டி எதுவும் தெரிந்தால் அந்தக் கம்பியை வெளியே கொண்டுவராதீர்கள். ஈரமான சிமென்ட் தரையில், காலடியில் கிடக்கப்போகும் பொருள் அது.

இணைப்பில் எனக்குப் பிடித்த முறை ஒன்று. முகப்புக் குமிழைத் தூக்கி எறியாமல், அதன் நடுக்காலைப் பெடல் பாட்டின் மேல்முனைக்குக் கொடுங்கள். இரண்டின் கீழ்முனைகளும் ஒன்றாக இருக்கட்டும். பெடலின் நடுக்கால் கார்டுக்குப் போகட்டும். குமிழை 60 ஆம்பியரில் வைத்தால், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் 60-ஐத் தாண்டாது. மெல்லிய தகட்டுக்கு இது பெரிய பாதுகாப்பு. பெடல் பாட்டின் மதிப்பு குமிழைப்போல் சுமார் பத்து மடங்கு இருந்தால் அழுத்தம் சீராக வரும். குறைந்த வோல்ட்டில் குறைந்த ஆம்பியர் வரும் மெஷினுக்கு உரிய இணைப்பு இது. குமிழைக் குறைவில் வைத்து நடுக்கால் எந்த முனையோடு சேர்கிறது என்று பார்த்துக் கீழ்முனையை உறுதி செய்யுங்கள். பெடலின் நடுக்காலுக்கும் கீழ்முனைக்கும் இடையே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கார்டின் பக்கம் சேருங்கள். பெடல் கேபிள் அறுந்தாலும் ஆம்பியர் கீழே இறங்குமே தவிர எகிறாது.

பெடல் செய்வதில் தடுமாறவைப்பது கோணம்தான். பாட் ஏறக்குறைய முக்கால் சுற்றுச் சுற்றும். கால் நகர்வதோ சில டிகிரி. இடையே பல்சக்கரம் வேண்டும், இல்லையென்றால் நீள்வாக்கில் நகரும் ஸ்லைடு பாட் போடுங்கள். பாட்டின் மேல் பி10கே என்பது போன்ற குறி இருக்க வேண்டும்; ஏ என்று தொடங்கினால் அது ஒலிக்கருவிக்கானது, பாதி அழுத்தும் வரை பெரிதாக ஒன்றும் வராது. பெடலுக்குள் டார்ச் ஸ்விட்சுக்குப் பதிலாக ஆர்க்கைத் தொடங்கி நிறுத்தும் சிறிய மைக்ரோ ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும்; அது கால் பட்டவுடன் முதலில் மூட வேண்டும், கடைசியில் திறக்க வேண்டும். பழைய மெஷின்களில் டார்ச் ஸ்விட்ச் சுற்றிலேயே 110 அல்லது 230 வோல்ட் ஓடுவதுண்டு. அங்கே 24 வோல்ட் ரிலே ஒன்றை மெஷினுக்குள் வைத்து, பெடலுக்கு அந்த 24 வோல்ட்டை மட்டும் அனுப்புங்கள். கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். ஷீல்டை மெஷின் பக்கம் மட்டும் எர்த் செய்து, டார்ச் கேபிளிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். இல்லையென்றால் ஹை ஃப்ரீக்வென்சி பாயும்போது ஆம்பியர் ஆடும். பாட், ஸ்விட்ச், கேபிள் எல்லாம் மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் கிடைக்கும்.

அலுமினியக் குழிக்கு: கடைசியில் ராடை ஒரு சொட்டுக் கூடுதலாகக் கொடுத்து, பெடலை மெல்லத் தளர்த்துங்கள். ஆர்க் அணைந்த பிறகும் ஆர்கான் நிற்கும்வரை டார்ச்சை அசைக்காதீர்கள்.

கேள்வி: தையல் மெஷின் மோட்டாரின் கால் பெடலை டிக் மெஷினுக்குப் பயன்படுத்தலாமா?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அப்படியே மாட்டக் கூடாது. அது 230 வோல்ட் மோட்டாரோடு தொடராக நிற்கும் பெடல்; கார்டுக்கு வேண்டிய மூன்று கால் அதில் இல்லை. உள்ளே இருப்பதை முழுக்க எடுத்துவிட்டு, கூட்டையும் ஸ்பிரிங்கையும் மட்டும் வைத்துக்கொண்டு, மேலே சொன்ன பாட்டையும் ஸ்விட்சையும் பொருத்தலாம். இரும்புக் கூடாகப் பார்த்து வாங்கி, அதற்கு எர்த் கம்பி கொடுங்கள். பிளாஸ்டிக் கூடு வெல்டிங் பொறியில் உருகிவிடும்.