ஒற்றை கியரும் ஒன்பது பிளகினும்: கேள்வி பதில்

இணையதளம் கட்ட உதவும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ட்ரூப்பல் இரண்டிலும் தளங்களைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் 16 வருடமாக என் தொழில். ஞாயிறு காலையில் கிழக்கு லண்டன் ஸ்ட்ராட்ஃபர்டில் உள்ள லீ வேலி டிராக்கில் பிஎம்எக்ஸ் என்ற சின்னப் பந்தய சைக்கிளோடு நிற்பேன். இரண்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிரிக்காமல், வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவர்: சார், வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூப்பல் மூன்றில் எதை முதலில் கற்றுக்கொள்வது? படித்து முடித்ததும் வேலை கிடைக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ். உலகத்து இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன, வேலையும் அங்கேதான் அதிகம். ஆனால் கட்டங்களை இழுத்துப் போட்டுப் பக்கம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் கணினியிலேயே ஒரு தளத்தை நிறுவி, அதன் டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். பதிவு, பக்கம், படத்தின் விவரம், மெனுவின் வரிகள், பழைய திருத்தங்கள் எல்லாமே ஒரே டேபிளில் கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி மர்மம் தீர்ந்துவிடும். அப்புறம் ட்ரூப்பலுக்குப் போங்கள். பல்கலைக்கழகம், அரசுத் துறை மாதிரி பெரிய இடங்களில் அதற்கு மதிப்பு உண்டு. ஜூம்லா 2005-இல் மாம்போ என்ற இதே வகை மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. அதில் ஒரு வேலை வரும்போது கற்றுக்கொண்டால் போதும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு தாய்: அண்ணா, மகளுக்கு 11 வயது. பிஎம்எக்ஸ் ஓட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். விழுந்து அடிபட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் வரத்தான் செய்யும். விழாமல் யாரும் பழகுவதில்லை, அதனால் எங்கே, எப்படி விழுகிறாள் என்பதைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து லீ வேலி டிராக் பக்கம்தான். 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய டிராக் அது. போட்டி முடிந்ததும் சாதாரண ஆட்களும் ஓட்டும்படி மாற்றி அமைத்தார்கள். புதியவர்களுக்குப் பயிற்சியாளரோடு வகுப்பு நடக்கிறது, வண்டி வாடகைக்கும் கிடைக்கும். முதல் நாளே காசு கொடுத்து வண்டி வாங்க வேண்டாம்.

தாடையையும் மூடும் ஹெல்மெட், விரல் முழுக்க மூடும் கையுறை, முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, அடி தட்டையான ஷூ, இவ்வளவும் கட்டாயம். ஷூ நாடாவின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். செயினில் சிக்கி விழுந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், மகளிடம் பிஎம்எக்ஸ் வீராங்கனை பெத் ஷ்ரீவரைப் பற்றிச் சொல்லுங்கள். பிறந்தது ஸ்ட்ராட்ஃபர்டுக்கு அடுத்த லேட்டன்ஸ்டோனில். ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு பிரிட்டனில் பெண்கள் பிஎம்எக்ஸ் பந்தயத்துக்கான நிதியை நிறுத்திவிட்டார்கள். அவர் பகுதி நேரமாகப் பள்ளியில் உதவி ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டு, பொதுமக்களிடம் 50,000 பவுண்டு திரட்டிப் பயிற்சியைத் தொடர்ந்தார். டோக்கியோவில் தங்கம் வென்றார். அதே நாளில் ஆண்கள் பந்தயத்தில் வெள்ளி வென்ற கை வைட், தெற்கு லண்டன் பெக்கம் பையன். மைதானம் முழுக்கப் புல்லாக இருக்கும் வசதியான ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று அன்றுவரை நானும் நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: எங்கள் சனசமூக நிலையத்துக்கு வேர்ட்பிரஸில் ஒரு தளம் செய்தேன். தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் இணைப்பு பாதியில் அறுந்துபோகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே % குறியாக வருகிறது. நான் எங்கே பிழை விட்டேன்?

நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை. இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்து எழுதலாம் என்று தோன்றியது, ஏனென்றால் தமிழில் தளம் நடத்தும் எல்லோரும் இதில் முட்டிக்கொள்கிறார்கள்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் (UTF-8) முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். இணைப்பில் ஏறும்போது ஒவ்வொரு பைட்டும் % குறியையும் சேர்த்து 3 எழுத்தாக மாறும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் இணைப்புப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது மொத்தம் 200 இடம். கணக்குப் போட்டால் 22 குறியீடுதான் அதற்குள் அடங்கும். அதற்கு மேல் வருவதை வெட்டிவிடும்.

22 எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். புள்ளி, கொம்பு, கொக்கி எல்லாம் தனிக் குறியீடு. 'வல்வெட்டித்துறை' என்று எழுதினால் நமக்கு 8 எழுத்து, கணினிக்கு 15 குறியீடு. அதிலேயே 135 இடம் போய்விடும். ஊர்ப் பெயருக்குப் பிறகு ஒரு சின்னச் சொல்தான் நுழையும். ஒரே சொற்களில் தொடங்கும் நீளத் தலைப்புகள் வெட்டுப்பட்டு ஒன்றுபோல ஆகி, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 200 இடம் தாராளம் என்பதால் அவர் கண்ணில் இது படுவதே இல்லை.

என்ன செய்யலாம்? பதிவை வெளியிடும் முன் இணைப்புப் பெயரைக் கையால் மாற்றுங்கள். ஒன்று, இரண்டு சின்னத் தமிழ்ச் சொல் வையுங்கள், அல்லது ரோமன் எழுத்தில் சுருக்கமாக எழுதுங்கள். தமிழில் இணைப்பே வைக்கக் கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'நூலகம்' என்று ஒரே சொல்லாக இருந்தால் அழகாகவே இருக்கும், பிரவுசரிலும் தமிழாகவே தெரியும். வாட்ஸ்அப்பில் அடிக்கடி போகும் இணைப்புக்கு மட்டும் ரோமன் எழுத்து நல்லது. % குறிகளைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று பயந்து அழுத்தாமல் விடும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பழையவற்றை மாற்றும்போது கவனம். வெளியான பதிவின் இணைப்பை மாற்றினால், பழைய இணைப்பில் வருபவரை வேர்ட்பிரஸ் தானாகப் புதிய இடத்துக்கு அனுப்பிவிடும். 'பக்கம்' என்ற வகைக்கு அப்படிச் செய்யாது. அதற்கு வழிமாற்றை நீங்களே போட வேண்டும்.

சென்னையிலிருந்து ஒருவர்: வயது 34, உயரம் 5 அடி 10 அங்குலம். 20 அங்குலச் சக்கரம் சின்னப் பிள்ளை வண்டி மாதிரி இருக்காதா? இந்த வயதில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். நான் தொடங்கியது 31 வயதில். சக்கரம் பெரியவர்களுக்கும் பொதுவாக 20 அங்குலம்தான், ஒலிம்பிக்கில் ஓட்டுபவர்களுக்கும் அதே அளவு. ஆளுக்கு ஏற்ற மாதிரி மாறுவது வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) மேல்குழாய் நீளம். உங்கள் உயரத்துக்கு 20.75 முதல் 21 அங்குலம் வரை பாருங்கள். சீட் தாழ்வாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். இந்த வண்டியை நின்றுகொண்டுதான் ஓட்டுவோம்.

வாங்கும்போது சட்டம் குரோமோலி எஃகா என்று கேளுங்கள். கடைகளில் பிஎம்எக்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும் மலிவான வண்டிகள் தெருவில் ஓட்டத்தான் சரி. குதித்து இறங்கினால் முன் கவை வளைந்துவிடும். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 25 பல், பின்னால் 9 பல் இருப்பது இப்போது வழக்கம். பழைய வண்டிகளில் 44-க்கு 16 இருக்கும். விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பல்சக்கரம் சின்னதானால் திண்ணை விளிம்பில் இடிக்காது, எடையும் குறையும். கியர் மாற்றும் வேலையே இல்லை. சஸ்பென்ஷனும் இல்லை, உங்கள் முழங்காலும் முழங்கையும்தான் அந்த வேலையைச் செய்யும். நான்கைந்து கருவி இருந்தால் வண்டி முழுவதையும் நீங்களே கழற்றி மாட்டலாம். நான் இந்த வண்டியில் மயங்கியதே அதற்காகத்தான்.

முதல் இரண்டு மாதம் குதிக்காதீர்கள். மேடு வரும்போது உடம்பை இலகுவாக்கி, இறங்கும்போது காலால் அழுத்தி, பெடல் மிதிக்காமலே வேகம் எடுக்கப் பழகுங்கள். இதைப் பம்ப் என்போம். அது கைவந்தால் பன்னி ஹாப்: முதலில் குனிந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முன்சக்கரத்தைத் தூக்குங்கள். உடனே நேராக எழுந்து நின்று, ஹாண்டில்பாரை முன்னால் தள்ளியபடி கால்களை மடக்கினால் பின்சக்கரமும் கூடவே எழும். கையால் இழுத்துத் தூக்க நினைப்பவர்களுக்கு இது வரவே வராது.

மதுரையிலிருந்து ஒரு சிறுவன்: பிஎம்எக்ஸ் என்ற பெயரில் எக்ஸ் ஏன் வந்தது அண்ணா?

சைக்கிள் மோட்டோகிராஸ் என்பதன் சுருக்கம் அது தம்பி. ஆங்கிலத்தில் 'கிராஸ்' என்பதைப் பெருக்கல் குறி மாதிரி ஒரு எக்ஸ் போட்டு எழுதுவார்கள். 1970-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் உன் வயதுப் பிள்ளைகள், மண்ணில் பறக்கும் மோட்டார் பைக்குகளைப் பார்த்து, ஷ்வின் கம்பெனியின் ஸ்டிங்ரே சைக்கிளில் அதே மாதிரி ஓட்டினார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் அது ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கடைக்காரர்: என் வேர்ட்பிரஸ் தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்த்த பிளகின் (துணை நிரல்) 41 இருக்கின்றன. அப்டேட் கொடுத்ததும் வெள்ளைத் திரை வந்துவிட்டது.

முதலில் தளத்தை மீட்போம். ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். எல்லாப் பிளகினும் அணைந்து, பெரும்பாலும் தளம் எழுந்துவிடும். பிறகு பழைய பெயரையே வைத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எதில் விழுகிறதோ அதுதான் காரணம்.

41 மிக அதிகம். என் சொந்தத் தளத்தில் 9 இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதற்கு என்று சொல்ல முடியாததை எடுத்துவிடுங்கள். அணைத்து வைத்தால் போதாது, அழித்துவிட வேண்டும். அணைந்து கிடக்கும் பிளகினின் கோப்புகளும் சர்வரில்தான் இருக்கின்றன, ஓட்டை இருந்தால் அதன் வழியாகவும் உள்ளே வரலாம்.

பேக்கப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் தளத்துக்குத் தினமும் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தோம், ஆனால் அதே சர்வரில். அந்த வட்டு செத்தபோது தளமும் பேக்கப்பும் சேர்ந்தே போயின. மூன்று வார ஆர்டர்களை மின்னஞ்சல்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தோம். அந்தக் கடைக்கார அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பேக்கப்பை வேறு இடத்தில் வையுங்கள், மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு தளத்தை எழுப்பியும் பாருங்கள்.

டொரொன்டோவிலிருந்து ஒருவர்: எங்கள் சங்கத்தின் தளம் இன்னும் ட்ரூப்பல் 7-இல் இருக்கிறது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. 2015-இல் வந்த ட்ரூப்பல் 8 முதல் உள்கட்டமைப்பே வேறு, அதனால் மேம்படுத்துவது என்றாலும் புதிதாகக் கட்டுவது என்றாலும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நிகழ்ச்சி அறிவிப்பும் படங்களும் மட்டும் என்றால் வேர்ட்பிரஸுக்கு மாறிவிடுங்கள். ட்ரூப்பல் 7-இன் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றால், அதிலிருந்து கிளைத்த பேக்டிராப் என்ற மென்பொருளைப் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: நாள் முழுக்கக் கீபோர்ட், வார இறுதியில் பிஎம்எக்ஸ். மணிக்கட்டு தாங்குமா?

எனக்கு ஒருமுறை தாங்கவில்லை. இரண்டாவது வளைவில் முன்சக்கரம் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் ஒற்றைக் கையால் தட்டச்சு செய்தேன். அதற்குப் பிறகுதான் விழவே தனியாகப் பழகினேன். வண்டியைக் கைவிட்டு, தாடையை நெஞ்சோடு சேர்த்து, தோளால் உருள வேண்டும். புல்தரையில் நடந்துகொண்டே தினமும் பத்து முறை உருண்டு பாருங்கள். உடம்புக்குப் பழகிவிட்டால் கை தானாக முன்னால் போகாது. ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மாலையில் மணிக்கட்டு வலித்தால் பாதிக் காரணம் அந்தப் பிடிதான். திங்கட்கிழமையும் வலி குறையாமல் இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள், அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம்.