430 அர்த்தமும் ஒரு அடியும்

கேள்வி: 'செட்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஆக்ஸ்போர்டு அகராதியில் 430 அர்த்தங்கள் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. தமிழில் இப்படி ஒரு சொல்லைக் காட்ட முடியுமா? ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வாள்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்களுக்கு வந்தது பொய் இல்லை, பழசு. 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்புக் கணக்கு அது. 'செட்' வினைச்சொல்லுக்கு மட்டும் அதில் சுமார் 60,000 வார்த்தைகளில் விளக்கம். பிறகு அகராதியைத் திருத்தும் வேலை நடந்தபோது 'ரன்' என்ற வினைச்சொல் 645 பொருளோடு 'செட்'டை ஓரங்கட்டிவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். வாட்ஸ்அப்காரர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

ஒரு சொல்லுக்கான பதிவு இவ்வளவு நீள்வது எப்படி என்று பார்த்தால் மலைப்பு பாதி குறைந்துவிடும். அது வரலாற்று அகராதி. எப்போதோ வழக்கொழிந்த பொருளையும் கழித்துவிடாது. 'செட் அப்', 'செட் ஆஃப்', 'செட் இன்' போன்ற கூட்டாளிகளுக்கும் 'செட்'டின் கீழேயே இடம். நம் அகராதிகளில் 'கைவிடு' ககரத்தில் இருக்கும், 'வழிவிடு' வகரத்தில் இருக்கும். எல்லாவற்றையும் 'விடு' என்பதன் கீழே கொண்டுவந்து எண்ணிப் பாருங்கள், தெரியும் சேதி.

சரி, தமிழில் ஒரு சொல் கேட்டீர்கள். 'அடி' போதுமா? மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, சாக்கடை நாற்றம் அடிக்கிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம், சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம், பழனிக்குப் போய் மொட்டை அடிக்கிறோம். பையன் பரீட்சையில் காப்பி அடிக்கிறான், பஸ் ஸ்டாண்டில் சைட் அடிக்கிறான், மாட்டிக்கொண்டால் பல்டி அடிக்கிறான். 'தண்ணி அடிக்கப் போயிருக்கார்' என்று ஒரு வீட்டில் பதில் வந்தால், தெருமுனை அடிபம்பா, அதற்கடுத்த கடையா என்பதைச் சொன்னவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு ஆளை நிஜமாகவே கைநீட்டி அடிப்பது இந்த வரிசையில் ஒன்றே ஒன்றுதான். பெயர்ச்சொல் பக்கம் நான் போகவே இல்லை. ஆறடி உயரம், மரத்தடி, இறைவன் திருவடி, குறளின் இரண்டு அடி, தோழியைக் கூப்பிடும் 'அடி' என்று அது தனி ஊர்வலம். சிலது ஒரே வேரிலிருந்து வந்தவை, சிலது உருவத்தில் மட்டும் ஒன்றானவை, அகராதிக்காரர்கள் பிரித்துக்கொள்ளட்டும்.

நமக்கு இது புதுசும் இல்லை. தொல்காப்பியர் தன் இலக்கண நூலின் உரியியல் என்ற பகுதியில் 'கடி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று (முன்னின்று தெளிவிப்பது) என்று பத்துப் பொருளை ஒரே நூற்பாவில் அடுக்குகிறார். செய்யுளில் எழுதிய பழைய அகராதியான சூடாமணி நிகண்டின் பதினோராம் பகுதியே 'ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி'தான். ஆனால் இதை வைத்து 'ஆங்கிலத்தை ஜெயித்துவிட்டோம்' என்று மறுபடி ஒரு ஃபார்வர்டு தயாரித்துவிடாதீர்கள், தயவுசெய்து. தினமும் புழங்கும் சின்னச் சொல் எந்த மொழியிலும் இப்படித்தான் பெருத்துப் போகும். ஆக்ஸ்போர்டுக்காரர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். 'அடி'க்கு ஒன்பது மாதம் சம்பளம் கொடுத்து யாரையாவது நாம் உட்கார வைத்திருக்கிறோமா என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மகள் விஷயத்துக்கு வருவோம். 430ஐயும் எந்த ஆங்கிலேயனும் மனப்பாடம் செய்ததில்லை. சூரியன் மறைவது, அலாரம் வைப்பது, சிமெண்ட் இறுகுவது, முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது, சாப்பாட்டு மேசையைத் தயார் செய்வது, வினாத்தாள் தயாரிப்பது என்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் 'செட்' எப்படி வருகிறது என்பதை வாக்கியத்தோடு படித்துக்கொண்டால் பரீட்சைக்கு ஏராளம். ஒன்றை மட்டும் எச்சரித்து வையுங்கள்: 'இந்தச் சட்டை எனக்கு செட் ஆகல' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் மார்க் போய்விடும். அந்த 'செட்' நம் ஊர்ச் சரக்கு.