வவுச்சர் கையில் இருந்தும் வீடு கிடைக்காதது ஏன்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் முழுநேர வேலை பார்ப்பவர்கள்கூட வீடில்லாமல் காரில் தூங்குகிறார்கள் என்கிறார்களே, நம்பலாமா?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: நம்பலாம். மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர்தான். பல மாநிலங்கள் தாங்களாகவே அதை உயர்த்திவிட்டன. டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற இடங்களில் இன்னும் அதேதான். வாரம் 40 மணி நேரம், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்தால் ஆண்டுக்கு 15,080 டாலர், அதாவது மாதம் ஏறக்குறைய 1,257. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக்கூடாது என்பது அந்நாட்டு அரசே வைத்திருக்கும் அளவுகோல். அதன்படி இவர் 377 டாலருக்குள் வீடு பிடிக்க வேண்டும். எந்தப் பெருநகரத்திலும் அது நடக்காது.

வறுமைக்கோடும் இங்கே கைகொடுப்பதில்லை. உணவுச் செலவை மூன்றால் பெருக்கி 1960-களில் போட்ட கணக்கு அது. பிறகு விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். நால்வர் குடும்பத்துக்கு 2025-இல் 32,150 டாலர். மிசிசிப்பி கிராமத்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அதே தொகை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். உணவு உதவிக்குத் தகுதி இருந்தால் விண்ணப்பித்தவருக்குக் கிடைத்துவிடும். வீட்டு உதவி அப்படியில்லை. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் தீர்ந்தால் கதவு சாத்தப்படும். தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. ஏழைகள் சோம்பேறிகள் என்று பேசுபவர்கள் இந்த ஒரு விவரத்தையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: பல வருடம் காத்திருந்து செக்ஷன் 8 வவுச்சர் (வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் உதவிச் சீட்டு) வந்தது. வீடு பிடிக்கக் கொடுத்த 60 நாள் கெடு முடியப்போகிறது. பார்த்த வீடெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போகிறது. என்ன செய்வது?
– இரண்டு குழந்தைகளின் தாய், ஒஹாயோ

பதில்: முதல் வேலை, கெடு முடியும் முன்பே, வவுச்சர் கொடுத்த உள்ளூர் வீட்டுவசதி அமைப்பான ஹவுசிங் அத்தாரிட்டிக்கு எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். எந்தெந்த வீட்டை எந்தத் தேதியில் பார்த்தீர்கள், ஏன் மறுத்தார்கள் என்ற பட்டியலையும் இணையுங்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ மாற்றுத்திறன் காரணமாக வீடு தேடுவது கடினம் என்றால் அதைக் குறிப்பிட்டுக் கேட்டால், தேவையான அளவு நீட்டிப்பது அவர்கள் கடமை.

அடுத்து, பணக்கணக்கு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கழிவுகள் போக உங்கள் மாத வருமானம் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 30 சதவீதம், 450. உங்கள் ஊரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அத்தாரிட்டி உதவிக்குக் கணக்கில் எடுக்கும் உச்ச அளவு 1,600 என்றால், மீதி 1,150-ஐ அவர்கள் நேரடியாக வீட்டுக்காரருக்குக் கொடுப்பார்கள். வீடு 1,700 என்றால் கூடுதல் 100 உங்கள் தலையில். 550 கட்ட வேண்டும். 1,800 என்றால் 650 ஆகும். ஆனால் குடிபுகும்போது உங்கள் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. இங்கே அது 600. எனவே அந்த வீட்டை அனுமதிக்க மாட்டார்கள். விளம்பரத்தில் 1,650 என்று பார்த்துவிட்டு மகிழ வேண்டாம். கரண்ட், கேஸ் நீங்கள் கட்டுவதாக இருந்தால் அதற்கென ஒரு தொகையை வாடகையோடு கூட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள். 170 டாலர் கூட்டினால் 1,820, கதை முடிந்தது. வீடு பார்க்கக் கிளம்பும் முன் அந்தத் தொகைப் பட்டியலை அத்தாரிட்டியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, இன்ஸ்பெக்ஷன். அத்தாரிட்டி வீட்டைச் சோதிக்கும்; அதில் தேறாதவரை பொதுவாக ஒரு டாலர்கூடத் தராது. பெரும்பாலும் தோற்கவைப்பவை சில்லறை விஷயங்கள்தான்: வேலை செய்யாத புகை அலாரம், மூடியில்லாத ஸ்விட்ச் பெட்டி, தரைத்தளத்தில் பூட்டாத ஜன்னல், கைப்பிடி இல்லாத படிக்கட்டு. 1978-க்கு முன் கட்டிய வீடாக இருந்து, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையும் குடிவருவதாக இருந்தால் உரிந்த பெயின்ட் பெரிய தடை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீடு பார்க்கப் போகும்போதே இவற்றைக் கவனித்து, வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு தடவை தோற்றால் மறுபடி தேதி கிடைக்க நாளாகும். அதற்குள் காத்திருக்கப் பொறுக்காமல் வேறொருவருக்கு விட்டுவிடுவார்.

வவுச்சர் என்றதுமே போனை வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் பொதுவாக இல்லை. நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் தடை இருக்கிறது. வேறு சில இடங்களில் நகர அளவில் சட்டம் உண்டு. உங்கள் நகரத்தில் எப்படி என்று இலவசச் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். எந்த மாநிலமானாலும், எளியோருக்கு வீடு கட்ட மத்திய அரசு தரும் வரிச்சலுகையைப் பெற்றுக் கட்டிய குடியிருப்புகள், வவுச்சர் வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. “ஒப்பந்தத்தில் 1,600 போடுகிறேன், தனியாக 200 கையில் கொடு” என்று வீட்டுக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சட்டவிரோதம், தெரியவந்தால் உங்கள் வவுச்சரே பறிபோகலாம்.

கேள்வி: வவுச்சர் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தது, இப்போது நீக்கிவிட்டார்கள். ஏன்?
– வாசகர், இல்லினாய்

பதில்: பெரும்பாலும் முகவரிதான் காரணம். வீடு மாறியதைத் தெரிவிக்காமல் விட்டால் அவர்கள் அனுப்பும் கடிதம் திரும்பிவிடும், பெயர் அடிபடும். காரணத்தையும் மறுபரிசீலனையையும் உடனே எழுத்தில் கேளுங்கள். ஒரே ஊர்ப் பட்டியலை நம்பியிருக்கவும் வேண்டாம்; பல அத்தாரிட்டிகளில் ஒரே சமயத்தில் பதியலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் மோசடி.

கேள்வி: வாடகை பாக்கிக்காகக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். காலி செய்துவிடுவதுதான் மரியாதையா?
– வாசகி, கலிபோர்னியா

பதில்: அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு அல்ல. உங்கள் மாநிலத்தில் பாக்கிக்கு மூன்று நாள் அவகாசம். சனி, ஞாயிறு, கோர்ட் விடுமுறை நாட்கள் அதில் சேராது. நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் 14 நாள். அதற்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்த நோட்டீஸை வைத்து வழக்குப் போட முடியாது. பாதி கட்டுவதாக இருந்தால், வழக்குப் போடமாட்டேன் என்று எழுதி வாங்கிய பிறகே கட்டுங்கள்.

வழக்கு வந்து சம்மன் கையில் கிடைத்தால் பதில் தாக்கல் செய்யக் கலிபோர்னியாவில் 2025 முதல் பத்து கோர்ட் நாட்கள் இருக்கின்றன. வழக்கில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பதில் போடாவிட்டால் தீர்ப்பு எதிராகவே வரும். வாடகை ரசீது, லீஸ், ஒழுகும் கூரையின் படங்கள், ரிப்பேர் கேட்டு அனுப்பிய மெசேஜ்கள் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

கோர்ட் வராந்தாவில் எதிர்தரப்பு வக்கீல் ஒரு சமாதானத் தாளை நீட்டுவார். அதிலுள்ள தவணைகளை உங்களால் கட்ட முடியுமா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு தவணை தவறினாலும் மறுவிசாரணை இல்லாமல் வெளியேற்ற உத்தரவு வரும்படி எழுதியிருக்கும். இதற்கிடையில் பூட்டை மாற்றுவது, கரண்டைத் துண்டிப்பது எல்லாம் வீட்டுக்காரர் செய்யக்கூடாத காரியங்கள். அப்படி நடந்தால் போலீஸை அழையுங்கள். வாடகை உதவி நிதி இருக்கிறதா என்று 211 என்ற உதவித் தகவல் எண்ணை அழைத்து அன்றைக்கே கேளுங்கள்.

கேள்வி: வரிச்சலுகைக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவருக்கு வேலை போய்விட்டது, வாடகை குறையவில்லையே?
– வாசகி, வட கரோலினா

பதில்: குறையாது. 1986-இல் வந்த இந்தத் திட்டத்தில் வாடகை உங்கள் வருமானத்தைப் பார்த்து வைப்பதில்லை. வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தை (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் சம்பாதிக்கும் அளவு) பார்த்து உச்சவரம்பு வைக்கிறார்கள். சம்பளம் நின்றாலும் வாடகை அப்படியே இருக்கும். அதே வளாகத்தில் வருமானத்துக்கேற்ற வாடகையுள்ள வீடுகள் சில இருக்கலாம். மேலாளரிடம் அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லி, அதை எழுத்தில் கொடுங்கள். வவுச்சர் பட்டியலிலும் இன்றே பதியுங்கள்; வவுச்சர் வந்தால் இப்போதிருக்கும் வீட்டிலேயே அதைப் பயன்படுத்த முடியும்.