அம்புக்குறி பள்ளத்தைக் காட்டினால்? கையடக்க ஜிபிஎஸ் பற்றி வாசகர் கேள்விகள்

மலையேற்றம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் கருவியைப் பற்றியே இருந்ததால் இந்த முறை முழுக்க அதுதான்.

போனிலேயே ஜிபிஎஸ் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு? டிசம்பரில் நண்பர்களோடு உத்தரகாண்டில் கேதார்காந்தா போகிறேன், வாங்கியே ஆகணும் என்கிறான் ஒருவன்.
– கல்லூரி மாணவர், கோவை

வேண்டாம், காசை மிச்சம் பண்ணுங்கள். நன்றாக நடந்து தேய்ந்த பாதை, கூடவே கைடும் வருவார். டவர் இல்லாத இடத்தில் போன் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று உங்கள் நண்பர் சொன்னால் நம்பாதீர்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகள் அனுப்புவதை அது சும்மா கேட்டுக்கொள்கிறது, திருப்பி எதையும் அனுப்புவதில்லை, அதனால் ஃப்ளைட் மோடில் போட்டாலும் இடத்தைக் காட்டும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

தனிக் கருவி ஜெயிப்பது குளிரிலும் மழையிலும், நாள்கணக்கில் கரண்ட் இல்லாத இடத்திலும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே டபுள் ஏ பேட்டரி இரண்டு போட்டால் கார்மின் இ-டிரெக்ஸ் 22எக்ஸ் சுமார் 25 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி, 2023-ல் வந்த இ-டிரெக்ஸ் எஸ்இ-க்கு 168 மணி நேரம் என்கிறது. தீர்ந்தால் மாற்றிப் போட்டுவிட்டு நடக்கலாம். பட்டன் இருப்பதால் கையுறையோடும் அமுக்கலாம், ஈரக் கையோடும் அமுக்கலாம். பனியில் ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் தாங்கும். எந்த வகை போட்டிருக்கிறீர்கள் என்று செட்டிங்ஸில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரிக் கட்டம் காட்டுவது பொய்க் கணக்கு.

வால்பாறையில் எஸ்டேட் பாதையில் நடக்கும் முன் வண்டி நிறுத்திய இடத்தைக் கருவியில் மார்க் செய்தேன். திரும்பும்போது 600 மீட்டர்தான் என்று காட்டியது, ஆனால் அம்புக்குறி நேராகப் பள்ளத்துக்குள் போகச் சொன்னது. சுற்றி வருவதற்குள் இருட்டிவிட்டது. கருவியில் கோளாறா?
– பொள்ளாச்சி வாசகர்

கோளாறு இல்லை. நீங்கள் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து 'கோ டூ' அமுக்கினால், உள்ளே நடைபாதை வரைபடம் ஏற்றி அதன்படி வழி போடச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்தப் புள்ளி எந்தத் திசையில், காக்கை பறக்கிற தூரத்தில் எவ்வளவு என்பதை மட்டும் காட்டும். நடுவில் ஓடையா, நூறடிப் பாறையா, ஆனை நிற்கிறதா என்று அதற்கு எதுவும் தெரியாது.

மலையில் திரும்பி வருவதற்குப் புள்ளி போதாது, நடந்த கோடு வேண்டும். வண்டியை விட்டு இறங்கியதும் கருவியைப் போட்டு, சாட்டிலைட் நன்றாகப் பிடிக்கும்வரை சும்மா நில்லுங்கள். பழைய டிராக்கை, அதாவது முன்பு நடந்த கோட்டின் பதிவை, சேமித்துவிட்டுத் திரையிலிருந்து அழியுங்கள், புதிய டிராக் பதிவாகிறதா என்று பாருங்கள், அப்புறம் இடத்தை மார்க் பண்ணுங்கள். பாதை இரண்டாகப் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு மார்க், ஏனென்றால் திரும்பும்போது தடுமாறுவது அங்கேதான். வரும்போது 'டிராக்பேக்' கொடுத்தால் நீங்கள் போன வழியையே தலைகீழாகக் காட்டும். பேட்டரி மிச்சம் என்று சாப்பாட்டு நேரத்தில் அணைத்துவிட்டு, அரை மணி நேரம் நடந்தபிறகு ஞாபகம் வந்து போடுகிற ஆட்கள் உண்டு. அந்த அரை மணி நேரப் பாதை கோட்டில் இருக்காது, அந்த இடத்தில் மறுபடி அதே பள்ளக் கதைதான்.

கோட்டையும் கண்மூடி நம்பாதீர்கள். அடர்ந்த சோலையிலும் இரண்டு பக்கமும் பாறை ஏறிய பள்ளத்தாக்கிலும் சிக்னல் பாறையில் பட்டுத் தெறித்து வருவதால் கோடு பத்துப் பதினைந்து மீட்டர், சில சமயம் அதற்கும் மேல், தள்ளி விழும். காலடியில் தெளிவான பாதை இருக்க, திரையில் கோடு ஓடைக்குள் இருக்கிறதே என்று ஓடையில் இறங்கவேண்டியதில்லை, பாதையில் போங்கள். மீதித் தூரம் குறைந்துகொண்டே வருகிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

ஜிபிஎஸ் கையில் இருந்தால் கைடு இல்லாமல் காட்டுக்குள் போகலாமா?
– மதுரை வாசகர்

தமிழ்நாட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் போட்டார்கள். 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறார்கள், கைடும் அவர்களே தருகிறார்கள். அதில் போங்கள், கருவியை அங்கே பழகிக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரி கடற்கரையில் நின்று ஓர் ஆப்பில் உயரம் பார்த்தேன், மைனஸ் 90 மீட்டருக்குப் பக்கத்தில் காட்டுகிறது! நண்பரின் ஜிபிஎஸ் கருவியில் 4 மீட்டர். எது சரி?
– நாகர்கோவில் ஆசிரியை

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. உங்கள் போன் கெட்டுப்போகவில்லை, பூமிதான் அங்கே அப்படி இருக்கிறது.

ஜிபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவதில்லை. பூமியை வழவழப்பான, லேசாகத் தட்டையான உருண்டையாக வைத்துக்கொண்ட ஒரு கணித வடிவம் இருக்கிறது, டபிள்யூஜிஎஸ் 84 என்று பெயர், அதிலிருந்துதான் கணக்கு. நிஜக் கடல் அந்த வடிவத்தோடு ஒட்டி நிற்பதில்லை, ஈர்ப்புவிசை எப்படி இழுக்கிறதோ அப்படி மேலேயும் கீழேயும் போகிறது. உலகத்திலேயே அது மிக அதிகமாகக் கீழே இறங்கும் இடம் நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்துக்குக் கீழே 100 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நிற்கிறது. கன்னியாகுமரி அந்தப் பள்ளத்தின் ஓரம்தான். கருவிகளில் இந்த வித்தியாசத்துக்கான அட்டவணையை உள்ளேயே வைத்துத் திருத்திவிடுகிறார்கள். சில ஆப்கள் திருத்தாமல் அப்படியே காட்டிவிடுகின்றன. செட்டிங்ஸில் கடல்மட்ட உயரம், அதாவது எம்எஸ்எல், என்று ஏதாவது இருந்தால் அதைப் போடுங்கள், சரியாகிவிடும்.

திருத்தியபிறகும் உயரம், இடத்தைவிடக் கொஞ்சம் மோசமாகத்தான் வரும், காரணம் சாட்டிலைட் எல்லாம் தலைக்கு மேலேயே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. காற்றழுத்தமானி உள்ள கருவி என்றால் (இ-டிரெக்ஸ் 32எக்ஸில் இருக்கிறது, 22எக்ஸில் இல்லை) காலையில் கிளம்பும்போது, உயரம் எழுதியிருக்கிற ரயில் நிலையப் பலகை மாதிரி ஓர் இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மழை கூடி அழுத்தம் இறங்கினால், நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே அது உங்களை மலையேற்றிவிடும்.

கடலில் மீன் கிடைக்கிற பார் (கடலடிப் பாறைத் திட்டு) ஒன்றின் பாயிண்டை இன்னொரு படகுக்காரர் போனில் சொன்னார்: 8, 32, 450. அப்படியே போட்டுப் போனால் அங்கே பாரும் இல்லை, மீனும் இல்லை. வேண்டுமென்றே ஏமாற்றினாரா?
– திருச்செந்தூர் பக்கம், படகு வைத்திருப்பவர்

பாயிண்டை யாரும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் சண்டைக்குப் போகும் முன் செட்டிங்ஸைப் பாருங்கள். அவர் சொன்னது 8 டிகிரி, 32.450 நிமிடம். உங்கள் கருவி டிகிரி, நிமிடம், விநாடி என்று வைத்திருந்தால் நீங்கள் 32 நிமிடம், 45.0 விநாடி என்று போட்டிருப்பீர்கள். 0.450 நிமிடம் என்பது 27 விநாடிதான். 18 விநாடி வித்தியாசம், வடக்கு தெற்கில் ஒரு விநாடி 31 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் வலை போட்டிருக்கிறீர்கள். கிழக்குக் கணக்கிலும் இதே தப்பு சேர்ந்திருக்கும். இரண்டு கருவியிலும் ஒரே முறையை வையுங்கள், படகில் டிகிரியும் தசம நிமிடமும்தான் வசதி: ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு கடல் மைல். எண்ணை வாங்கும்போது புள்ளி எங்கே என்றும் கேட்டு வாங்குங்கள். மலையையும் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து இடம் பிடிக்கிற உங்கள் அப்பா காலத்து வித்தையையும் விட்டுவிடாதீர்கள், அதற்கு பேட்டரி வேண்டாம்.

நடக்கும்போது திசை சரியாகக் காட்டுகிறது, நின்றால் சுற்றுகிறது. ஏன்?
– ஏற்காடு வாசகர்

விலை குறைந்த மாடலாக இருக்கும். அதில் காந்த உணரி கிடையாது, நீங்கள் நகர்வதை வைத்துத்தான் திசையைக் கணக்கிடுகிறது. நாலு எட்டு நடந்துவிட்டுப் பாருங்கள். உணரி உள்ள மாடல் என்றால் பேட்டரி மாற்றியதும் காம்பஸை மறுபடி சரிசெய்யுங்கள், காந்த மூடி வைத்த போன் உறையைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நண்பரும் நானும் ஒன்றாகவே நடந்தோம். எனக்கு 11 கிலோமீட்டர், அவருக்கு 12.4. யார் கருவி நல்லது?
– திருச்சி வாசகி

யார் அதிக நேரம் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். நின்ற இடத்திலும் கருவி காட்டும் புள்ளி இரண்டு மூன்று மீட்டர் அங்குமிங்கும் நகரும், அதையெல்லாம் நடந்த தூரமாகக் கூட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன், ஆபத்தில் செய்தி அனுப்பும் வசதியோடு ஒரு ஜிபிஎஸ் வாங்கி வருகிறேன் என்கிறார். வாங்கி வரலாமா?
– சென்னை வாசகர்

வேண்டவே வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். வெறுமனே கேட்கிற ஜிபிஎஸ் கருவியில் பிரச்சினை இல்லை, இங்கே கடையிலேயே விற்கிறார்கள். சாட்டிலைட் வழியாகச் செய்தி *அனுப்புகிற* கருவி, கார்மின் இன்ரீச் போன்றவை, சாட்டிலைட் போன் கணக்கில் வரும். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேறிகள் விமானநிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். பெயரைப் பார்த்து வாங்குங்கள்: கார்மின் ஜிபிஎஸ்மேப் 67 வெறும் ஜிபிஎஸ், 67ஐ என்றால் உள்ளே இன்ரீச் இருக்கிறது. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

புதிதாக வாங்கிய கருவி, வீட்டில் போட்டால் ஒரு மணி நேரமாகியும் சாட்டிலைட் பிடிக்கவில்லை. பழுதா?
– சேலம் வாசகர்

மொட்டைமாடிக்கு எடுத்துப் போங்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழே அது பிடிக்காது. முதல் தடவை சாட்டிலைட்டுகளின் முழு அட்டவணையை வானத்திலிருந்தே வாங்கவேண்டும், அதற்கே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். கையில் வைத்துக்கொண்டு உலாத்தாமல், கைப்பிடிச் சுவரில் மல்லாக்க வைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். தலையில் தடித்த ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கிற மாடல் என்றால் நிமிர்த்தி வையுங்கள். அப்படியும் வரவில்லையா, பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.